சுவரில் சரித்திரம் எழுதிய ஓவியர்

அது நியூயார்க் நகரம். வானத்தை முட்டும் ஒரு புதிய கட்டிடம். அதன் வாசல் கூடத்தில் ஒரு சுவர். 63 அடி நீளம், 17 அடி உயரம். அந்தச் சுவர் நிறைய ஒரு பிரமாண்டமான ஓவியம்.

1934-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை. ஊர் அடங்கிய நேரம். வேலையாட்கள் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கையில் சுத்தியல். ஓங்கி அடித்தார்கள். காரை பெயர்ந்து விழுந்தது. காரையோடு ஓவியமும் தூள் தூளாக உதிர்ந்தது.

அதை உடைத்தவர்கள் எதிரிகள் அல்ல. கூப்பிட்டு வரையச் சொன்னவர்களேதான் உடைத்தார்கள். பேசிய கூலி 21,000 டாலர். அதில் ஒரு காசு கூடக் குறைக்கவில்லை. முழுப் பணத்தையும் ஓவியர் கையில் கொடுத்தார்கள். பிறகுதான் உடைத்தார்கள்.

அந்த ஓவியரின் பெயர் தியேகோ ரிவேரா. மெக்சிகோ நாட்டுக்காரர். ஆள் ஆறு அடிக்கு மேல் உயரம். எடை ஏறக்குறைய 300 பவுண்டு. தவளை போல் முட்டைக் கண்கள். அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு சாரத்தின் மேல் ஏறினால், பொழுது சாய்ந்த பிறகும் இறங்க மாட்டார்.

படிக்கத் தெரியாத மக்களுக்குச் சுவரையே புத்தகமாக்கிக் கொடுத்தவர் அவர்.

சுவரில் கிறுக்கிய பிள்ளை

மெக்சிகோவில் குவானாஹுவாட்டோ என்று ஒரு ஊர். வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த மலை நாட்டு ஊர். அங்கே 1886-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஒருவன் தியேகோ. மற்றவன் கார்லோஸ்.

கார்லோஸ் இரண்டு வயது கூட வாழவில்லை. நோயில் இறந்துவிட்டான். தாய் துக்கத்தில் ஆழ்ந்தார். அந்தத் துக்கத்தை மறக்கப் பிரசவ வைத்தியம் படித்தார்.

மிஞ்சிய பிள்ளை தியேகோ, கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், கிறுக்கத் தொடங்குவான். சுவர், கதவு, நாற்காலி எதுவும் தப்பாது. தகப்பனார் பள்ளி ஆசிரியர். பத்திரிகையும் நடத்தியவர். அவர் பிள்ளையை அடிக்கவில்லை. ஒரு அறையின் சுவர் முழுவதும் கறுப்புத் துணியை அடித்துக் கொடுத்தார். இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் வரைந்துகொள் என்று விட்டுவிட்டார்.

பிறகு குடும்பம் தலைநகரான மெக்சிகோ நகருக்குக் குடிபோயிற்று. பத்து வயதில் தியேகோ, சான் கார்லோஸ் கலைக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தான். கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவனுக்குப் பெரியவர்கள்.

அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அச்சுக்கூடம். அங்கே ஒசே குவாடலுப்பே பொசாடா என்ற செதுக்குக் கலைஞர் வேலை செய்து வந்தார். அவர் செய்தது காசுப் பத்திரிகைகளுக்கான படம். கொலை, நெருப்பு, பூகம்பம், காதல் பாட்டு, திருவிழா எல்லாவற்றுக்கும் படம் போடுவார். எலும்புக்கூடுகளுக்குத் தொப்பி மாட்டி, பணக்காரச் சீமாட்டிகளைக் கேலி செய்வார். அந்தத் தாள்கள் தெருவில் ஓரிரு காசுக்கு விற்கும். எழுத்துத் தெரியாதவனும் வாங்கிப் படத்தைப் பார்த்துக் கதையைப் புரிந்துகொள்வான்.

அந்த அச்சுக்கூடத்துச் சன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு பொசாடாவின் வேலையைப் பார்த்து நின்றதாக ரிவேரா பின்னாளில் சொல்லி வந்தார். கல்லூரி வாத்தியார்களைவிட அவரிடம் கற்றதே அதிகம் என்பது அவர் கணக்கு.

பாரிஸ் நகரத்தில்

ரிவேராவுக்கு வயது 20. வெராகுரூஸ் மாநில கவர்னர் உதவிப் பணம் கொடுத்தார். 1907-ல் ஸ்பெயின் நாட்டுக்குக் கப்பல் ஏறினார். அங்கிருந்து 1909-ல் பாரிசுக்குப் போனார். அந்த நாளில் உலகத்து ஓவியர்கள் எல்லோரும் பாரிசில்தான் கூடுவார்கள்.

1910-ல் மெக்சிகோ நகரில் தன் படங்களைக் காட்சி வைக்க ஒரு முறை ஊர் வந்தார். ஜனாதிபதி போர்பிரியோ டியாசின் மனைவி அந்தக் காட்சியைத் திறந்து வைத்தார். அது நவம்பர் 20-ந் தேதி. அதே நாளில்தான் டியாசுக்கு எதிராகப் புரட்சி செய்ய நாள் குறித்திருந்தார்கள். மெக்சிகோ பற்றி எரியத் தொடங்கியது. நிலம் இல்லாத குடியானவர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். பத்து ஆண்டுகள் சண்டை நீடித்தது.

ரிவேரா அந்தச் சண்டையில் இல்லை. அவர் பாரிசுக்குத் திரும்பிவிட்டார். அங்கே பிக்காசோ முதலியவர்களோடு பழகினார். கட்டம் கட்டமாக உருவத்தை உடைத்து வரையும் கியூபிசம் என்ற புதிய முறை அப்போது பரவி வந்தது. அதில் ரிவேரா பெயர் வாங்கினார். ஆனால் வயிறு நிறையவில்லை.

ஏஞ்சலினா பெலாப் என்ற ரஷ்ய ஓவியப் பெண்ணோடு அவர் குடும்பம் நடத்தினார். 1916-ல் ஒரு மகன் பிறந்தான். அது முதல் உலக யுத்த காலம். பாரிசில் கடுங்குளிர். அடுப்புக்கு நிலக்கரி இல்லை. குழந்தை இரண்டு வயது ஆகும் முன்பே நோய் கண்டு இறந்தது.

ரிவேராவுக்கு மனம் மாறியது. தாம் வரையும் படங்களைச் சில பணக்காரர்கள் வாங்குகிறார்கள். வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். மற்றவர் கண்ணில் படுவதே இல்லை. அப்படியானால் இந்தப் படம் யாருக்காக? இந்தக் கேள்வி அவரை அரித்தது.

இத்தாலி காட்டிய வழி

அதற்கு விடை இத்தாலியில் கிடைத்தது. 1920-ல் அவர் அங்கே போனார். ஊர் ஊராகச் சுற்றினார். 600 ஆண்டுகளுக்கு முன் ஜியோட்டோ போன்றவர்கள் கோவில் சுவர்களில் வரைந்த ஓவியங்களைப் பார்த்தார். நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்து வரைந்து எடுத்துக்கொண்டார்.

அந்த ஓவியங்களை வாங்க முடியாது. விற்க முடியாது. சுவரோடு சுவராக இருப்பவை அவை. ஏழை வருவான், பார்ப்பான். பணக்காரனும் வருவான், பார்ப்பான். எழுத்து அறியாத குடியானவர்கள் ஏசுநாதர் கதையை அந்தச் சுவர்களில்தான் தெரிந்துகொண்டார்கள்.

அதே நேரத்தில் மெக்சிகோவில் சண்டை ஓய்ந்தது. ஒசே வாஸ்கன்செலோஸ் என்ற அறிஞர் கல்வி மந்திரி ஆனார். நாட்டில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் கிராமம் கிராமமாக ஆசிரியர்களை அனுப்பினார். மலிவுப் புத்தகம் போட்டார். அரசாங்கக் கட்டிடச் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார்.

1921-ல் ரிவேரா நாடு திரும்பினார்.

ஈரம் காயும் முன்னே

முதலில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் மெழுகு கலந்த வர்ணத்தால் வரைந்தார். அந்த வேலை 1923-ல் முடிந்தது. அது அவருக்கே திருப்தி தரவில்லை. படம் இத்தாலியப் படம் போல் இருந்தது. மெக்சிகோ அதில் குறைவு.

பிறகு கல்வி மந்திரி காரியாலயம். மூன்று மாடி. உள்ளே இரண்டு பெரிய முற்றங்கள். அவற்றைச் சுற்றிய தாழ்வாரச் சுவர்களில் ரிவேரா வரையத் தொடங்கினார். 1923-ல் தொடங்கிய வேலை 1928-ல்தான் முடிந்தது. நூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள். சதுர மீட்டர் கணக்கில் கூலி. ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு டாலர்தான் கிடைத்தது.

அவர் கையாண்டது ஈரச் சுவர் ஓவிய முறை. அது எப்படி?

முதலில் சுவரில் சுண்ணாம்புக் காரையைப் பல பூச்சாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சு மட்டும் மிக மெல்லியது. நன்றாக ஊறிய சுண்ணாம்பும் சலவைக்கல் தூளும் கலந்தது. அதை அன்றைக்கு வரையப் போகிற இடத்துக்கு மட்டும், கொத்தனார் விடியும் முன்பே பூசி வைப்பார்.

ஓவியர் சாரத்தில் ஏறுவார். தண்ணீரில் அரைத்த வர்ணத்தை ஈரக் காரை மேல் தீட்டுவார். காரை வர்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். காயும்போது சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி கல்லாகிறது. வர்ணம் அந்தக் கல்லுக்குள் சிறைப்படுகிறது. பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது.

ஆனால் ஒரு ஆபத்து. ஈரம் சில மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் முடித்தாக வேண்டும். தப்பு வந்தால் அழிக்க முடியாது. அந்த இடத்துக் காரையை அடியோடு செதுக்கி எடுத்து, புதிதாகப் பூசி, மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் ரிவேரா ஒரே மூச்சில் 15 மணி நேரம் கூட வேலை செய்வார். சாப்பாடு சாரத்துக்கே வரும்.

சுவரில் வந்த ஏழைகள்

அந்தச் சுவர்களில் அவர் யாரை வரைந்தார்? கடவுளர் இல்லை, அரசர் இல்லை. கரும்பு வெட்டுகிறவர்கள், சாயம் தோய்க்கிறவர்கள், நெசவாளர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் வந்தார்கள்.

ஒரு படத்தில் சுரங்கத் தொழிலாளி வெளியே வருகிறான். வெள்ளியை ஒளித்துக்கொண்டு வருகிறானா என்று சோதனை போடுகிறார்கள். அவன் இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறான். சிலுவையில் அறைந்த ஏசுவைப் போல் இருக்கிறது அந்தத் தோற்றம்.

இன்னொரு படத்தில் ஒரு கிராமத்து ஆசிரியை தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் புத்தகம். சுற்றிலும் குழந்தைகள், பெரியவர்கள். எல்லோரும் பாடம் கேட்கிறார்கள். பக்கத்தில் குதிரை மேல் ஒரு வீரன் துப்பாக்கியோடு காவல் நிற்கிறான். ஏழைகள் படிப்பதைப் பொறுக்காத பண்ணையார்கள் அந்த நாளில் உண்டு. அதனால் படிப்புக்கே காவல் தேவைப்பட்டது.

தங்கள் முகம் அரசாங்கக் கட்டிடத்தில் இருப்பதைக் குடியானவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

பத்திரிகைகள் ரிவேராவைத் திட்டின. குரங்குகள் போல் மனிதர்களை வரைகிறார் என்று கேலி செய்தன. ஒரோஸ்கோ, சிக்கேரோஸ் என்ற மற்ற இரு பெரிய ஓவியர்களின் படங்களை 1924-ல் மாணவர்களே சுரண்டிக் கெடுத்தார்கள். ரிவேரா இடுப்பில் துப்பாக்கியோடு சாரத்தில் ஏறினார். ஆனாலும் அவர் புகழ் கடல் தாண்டிப் பரவியது.

யானையும் புறாவும்

1928-ம் ஆண்டு. ரிவேரா சாரத்தின் மேல் நின்றார். கீழே இருந்து ஒரு மெல்லிய பெண் அவரைக் கூப்பிட்டாள். இறங்கி வரச் சொன்னாள். தான் வரைந்த படங்களைக் காட்டினாள். இதை வைத்துப் பிழைக்க முடியுமா, முகஸ்துதி வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

அவள்தான் பிரிடா காலோ. 18 வயதில் பஸ் விபத்தில் சிக்கி, முதுகெலும்பு உடைந்து, படுக்கையில் கிடந்தபடியே ஓவியம் பழகியவள். ரிவேரா படங்களைப் பார்த்தார். திறமை இருக்கிறது, விடாமல் வரை என்றார்.

மறு ஆண்டு இருவருக்கும் கலியாணம். அவருக்கு வயது 42. அவளுக்கு வயது 22. ரிவேராவுக்கு அதற்கு முன்பு குவாடலுப்பே மரீன் என்ற மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தனர். பிரிடாவின் தாய்க்கு இந்தக் கலியாணம் பிடிக்கவில்லை. யானைக்கும் புறாவுக்கும் கலியாணமா என்று குறைப்பட்டார்.

தாயின் கவலை வீண் போகவில்லை. ரிவேரா நல்ல கணவராக இருக்கவில்லை. வேறு பெண்களோடு பழகினார். பிரிடாவின் சொந்தத் தங்கையோடு கூட உறவு வைத்தார். 1939-ல் விவாகரத்து நடந்தது. 1940-ல் மறுபடியும் மணந்துகொண்டார்கள். ஆனால் ஒருவர் படத்தை மற்றவர் மதிப்பதில் மட்டும் இருவருக்கும் குறைவே இருந்ததில்லை.

இரண்டு பக்கத்து அடி

ரிவேரா 1922 முதல் கம்யூனிஸ்டுக் கட்சி உறுப்பினர். ஆனால் அவர் அரசாங்கத்திடம் வேலை வாங்கினார். 1929-ல் அமெரிக்கத் தூதர் மோரோ கொடுத்த பணத்துக்கும் ஒரு அரண்மனையில் வரைய ஒப்புக்கொண்டார். கட்சி அவரை அதே ஆண்டில் வெளியேற்றியது. பணக்காரர்களுக்கு அவர் சிவப்பு ஆள். கட்சிக்காரர்களுக்கு அவர் பணக்காரர்களின் ஓவியர். இரண்டு பக்கமும் அடி வாங்கியபடி அவர் வேலையை மட்டும் நிறுத்தவில்லை.

மெக்சிகோ தேசிய அரண்மனையின் பெரிய மாடிப்படிச் சுவர்களில் நாட்டின் சரித்திரம் முழுவதையும் வரையத் தொடங்கினார். அஸ்டெக் மக்களின் காலம், ஸ்பெயின்காரர் படையெடுப்பு, அடிமைத்தனம், விடுதலைப் போர், புரட்சி எல்லாம் அதில் உண்டு. படி ஏறினால் சரித்திரத்துக்குள் ஏறுவது போல் இருக்கும்.

போர்டு தொழிற்சாலையில்

1930-ல் ரிவேரா அமெரிக்கா சென்றார். சான்பிரான்சிஸ்கோவில் வரைந்தார். நியூயார்க் கலைக்கூடம் அவர் படங்களுக்குக் காட்சி நடத்தியது. 1932-ல் டெட்ராய்ட் நகரம் அழைத்தது. கார்களின் நகரம் அது. பணம் கொடுத்தவர் எட்செல் போர்டு. கார் முதலாளி ஹென்றி போர்டின் மகன்.

அப்போது அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. ரிவேரா வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், போர்டு தொழிற்சாலைக்கு ஊர்வலம் போன வேலையற்றோர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, உயிர்கள் பலியாகியிருந்தன.

ரிவேரா ரூஜ் தொழிற்சாலைக்குள் பல வாரங்கள் சுற்றினார். உருக்கு உலை, அச்சு, இயந்திரம், தொழிலாளர் முகம் எல்லாவற்றையும் வரைந்து எடுத்தார். பிறகு கலைக்கூடத்தின் முற்றத்தில் 27 ஓவியங்களாகத் தீட்டினார். ஒரு கார் இயந்திரம் பிறக்கும் கதை முழுவதும் அதில் இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள்.

1933 மார்ச்சில் திறந்ததும் புயல் கிளம்பியது. ஒரு மூலையில் குழந்தைக்கு அம்மை குத்தும் படம். நர்சு, டாக்டர், குழந்தை. அடியில் மாடு, குதிரை, ஆடு. மருந்து அவற்றிலிருந்து எடுக்கப்படுவது. ஆனால் அது ஏசு பிறந்த தொழுவத்தைக் கேலி செய்வதாகச் சில பாதிரிமார்கள் சொன்னார்கள். சுண்ணாம்பு அடித்து மறைக்க வேண்டும் என்று கூச்சல் எழுந்தது.

எட்செல் போர்டு அசையவில்லை. ஓவியத்தை ஆதரித்து நின்றார். மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து பார்த்தார்கள். சுவர் பிழைத்தது. 2013-ல் டெட்ராய்ட் நகராட்சியே திவாலாகி, கலைக்கூடத்துப் பொருள்களை விற்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அந்த ஆபத்திலும் கலைக்கூடம் தப்பியது.

ஒரு முகத்துக்காக

டெட்ராய்டில் தப்பிய தலை நியூயார்க்கில் தப்பவில்லை.

ராக்பெல்லர் குடும்பத்தார் கட்டிய கட்டிடம் அது. எண்ணெய்க் கோடீசுவரர்கள். அந்த வீட்டு அம்மாள் ரிவேராவின் படங்களை விரும்பி வாங்குபவர். மகன் நெல்சனுக்கு வயது 24. நாற்சந்தியில் நிற்கும் மனிதன் புதிய எதிர்காலத்தை எதிர்நோக்குவது போல் படம் வேண்டும் என்பது ஏற்பாடு.

வேலை வேகமாக நடந்தது. 1933 ஏப்ரல் முடிவில் படத்தில் ஒரு முகம் தெரிந்தது. ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனின் முகம். தொழிலாளிகளின் கையைச் சேர்த்துப் பிடித்தபடி நின்றார். பத்திரிகைகள் இதைப் பெரிதாக்கின.

மே 4-ந் தேதி நெல்சன் ராக்பெல்லர் கடிதம் எழுதினார். அந்த முகத்தை எடுத்துவிட்டு, பெயர் தெரியாத யாரோ ஒருவர் முகத்தை வரையும்படி கேட்டார். ரிவேரா மறுத்தார். வேண்டுமானால் இன்னொரு பக்கத்தில் ஆபிரகாம் லிங்கனையும் வரைகிறேன் என்றார். படத்தை ஊனமாக்குவதைவிட அது முழுவதும் அழிவதே மேல் என்றும் தெரிவித்தார்.

மே 9-ந் தேதி. காவலர்கள் வந்து கூடத்தைச் சூழ்ந்தார்கள். ரிவேராவைச் சாரத்திலிருந்து இறங்கச் சொன்னார்கள். பாக்கிப் பணத்துக்குச் செக்கு கொடுத்தார்கள். சுவரைத் துணியால் மூடினார்கள். வெளியே தெருவில் ஆதரவாளர்கள் கோஷம் போட்டார்கள்.

படம் எடுக்கக் கூடாது என்று கட்டளை. ஆனால் லூசியன் பிளாக் என்ற உதவிப் பெண், சிறிய காமிராவைத் தன் ஆடைக்குள் மறைத்துக் கொண்டுபோய்ப் படம் பிடித்துவிட்டார். ஒன்பது மாதம் கழித்து அந்தச் சுவர் உடைந்தபோது அந்தப் போட்டோக்கள்தான் மிஞ்சின.

யாருக்குச் சொந்தம்?

இந்தச் சண்டையில் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. சுவர் வீட்டுக்காரனுடையது. பணம் அவன் கொடுத்தது. அப்படியானால் ஓவியமும் அவனுக்கே சொந்தமா? இடிக்க அவனுக்கு உரிமை உண்டா?

சட்டப்படி உண்டு என்றார்கள் ராக்பெல்லர்கள். பொது இடத்தில் ஒரு ஓவியம் வந்துவிட்டால் அது பார்ப்பவர் எல்லோருக்கும் பொதுச் சொத்து என்பது ரிவேராவின் கட்சி.

ரிவேரா கொடுத்த அடியும் சாதாரணமானது அல்ல. ராக்பெல்லர் கொடுத்த பணத்தைக் கொண்டே நியூயார்க் தொழிலாளர் பள்ளி ஒன்றில் அமெரிக்க சரித்திரத்தை 21 ஓவியங்களாக இலவசமாக வரைந்தார். இந்தத் தடவை சுவரில் வரையவில்லை. எடுத்துக்கொண்டு போகக்கூடிய பலகைகளில் வரைந்தார்.

1934-ல் மெக்சிகோ நகர் கலை மாளிகையில், உடைந்த ஓவியத்தையே மறுபடியும் தீட்டினார். லெனின் திரும்ப வந்தார். கூடவே ஒரு புதிய முகம். நெல்சனின் தந்தை ராக்பெல்லர். மதுவைத் தொடாத அந்த மனிதரைக் குடித்துக் கூத்தாடும் கும்பலில் உட்கார வைத்தார் ரிவேரா. தலைக்கு மேலே நோய்க் கிருமிகளையும் வரைந்தார்.

இது நியாயமா? ரிவேரா கோபக்காரர். பழி வாங்குவதிலும் கெட்டிக்காரர். அவருடைய தூரிகை அவருடைய ஆயுதமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கனவு

மெக்சிகோ நகரில் அலமேடா என்று ஒரு பூங்கா. ஞாயிற்றுக்கிழமை மாலை ஊரே அங்கே கூடும். பலூன்காரன், மிட்டாய்க்காரன், குழந்தைகள், காதலர்கள், போலீசார் எல்லோரும் உண்டு. ரிவேரா சிறு வயதில் அங்கேதான் உலாவினார். அந்தப் பூங்காவுக்கு எதிரே இருந்த பிராடோ ஓட்டலில் அந்தக் காட்சியை 1947-ல் வரைந்தார்.

சரித்திரத்தில் வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் பூங்காவில் உலாவுகிறார்கள். நடுவில், இறகுத் துணி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி. அவளுக்குக் கை கொடுத்து நிற்பவர் அச்சுக்கூடத்துப் பொசாடா. அவளது மற்றொரு கையைப் பிடித்திருப்பவன் பத்து வயதுப் பையன். பையில் தவளை, தலையில் தொப்பி. அது ரிவேராவேதான். பின்னால் தாய் போல் தோளில் கை வைத்து நிற்பவர் பிரிடா.

இங்கேயும் ஒரு வம்பு. படத்தில் உள்ள ஒரு பழைய அறிஞர் கையில் ஒரு தாள். அதில் கடவுள் இல்லை என்ற சொற்கள். மதப்பற்று மிகுந்த நாடு மெக்சிகோ. பேராயர் ஓட்டலை ஆசீர்வதிக்க மறுத்தார். மாணவர்கள் வந்து அந்தச் சொற்களைச் சுரண்டினார்கள். ரிவேரா மறுபடி எழுதினார். ஓவியத்தை எட்டு ஆண்டுகள் போல் திரை போட்டு மறைத்து வைத்தார்கள்.

1956-ல் ரிவேராவே சாரத்தில் ஏறினார். அந்தச் சொற்களை அழித்தார். தானும் கத்தோலிக்கன்தான் என்று சொன்னார். ராக்பெல்லருக்கு வளையாதவர் தம் சொந்த மக்களின் மனத்துக்கு வளைந்தார். திரை விலகியது.

கடைசி நாட்கள்

1954 ஜூலையில் பிரிடா இறந்தார். ரிவேரா ஒரே நாளில் கிழவரானது போல் தளர்ந்தார். அதே ஆண்டில் கட்சி அவரை மறுபடி சேர்த்துக்கொண்டது. புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்கு மாஸ்கோ சென்று வந்தார். இடையில் எம்மா உர்த்தாடோ என்பவரை மணந்தார்.

சம்பாதித்த பணத்தை எல்லாம் அவர் மண் பொம்மைகளிலும் கல் சிலைகளிலும் போட்டிருந்தார். பழங்குடி மக்கள் செய்த பொருள்கள் அவை. ஏறத்தாழ 50,000 சேர்த்திருந்தார். அவற்றை வைக்க எரிமலைக் கல்லில் ஒரு கோட்டை போன்ற கட்டிடம் கட்டினார். அதையும், பிரிடாவின் நீல வீட்டையும் மெக்சிகோ மக்களுக்கே எழுதி வைத்தார்.

1957 நவம்பர் 24-ந் தேதி, தம் ஓவியக் கூடத்திலேயே ரிவேரா காலமானார். வயது 70. தம் சாம்பலைப் பிரிடாவின் சாம்பலோடு சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது நடக்கவில்லை. நாட்டுப் பெரியோர்களுக்கான இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் விதைத்த விதை

ரிவேராவின் சுவர்கள் பல நாடுகளை எழுப்பின. ஓவியர்களுக்குச் சாதாரணக் கூலி கொடுத்து அரசாங்கச் சுவர்களில் வரையச் செய்த மெக்சிகோவைப் பாருங்கள் என்று, 1933-ல் ஓவியர் ஜார்ஜ் பிடில் தம் பள்ளித் தோழரான ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்க அரசாங்கம் வேலையற்ற ஓவியர்களுக்கு வேலை கொடுத்தது. தபாலாபீசுகளிலும் பள்ளிகளிலும் சுவர் ஓவியங்கள் மலர்ந்தன.

நம் நாட்டிலிருந்தும் ஒருவர் போனார். பஞ்சாபைச் சேர்ந்த சதீஷ் குஜ்ரால். சிறு வயதிலேயே காது கேளாமல் போனவர். 1952-ல் உதவிப் பணம் பெற்று மெக்சிகோ சென்று, ரிவேராவிடமும் சிக்கேரோசிடமும் பயின்றார். திரும்பி வந்து டெல்லியில் பெரிய பெரிய சுவர்களுக்கு உருக்கொடுத்தார்.

அமெரிக்காவின் சான்டீகோ நகரில் மெக்சிகோ வம்சத்தார் குடியிருந்த பகுதியைப் பிளந்துகொண்டு ஒரு பாலம் எழுந்தது. 1970-ல் மக்கள் அந்தப் பாலத்தின் அடி நிலத்தைத் தங்கள் பூங்காவுக்காகப் பிடித்துக்கொண்டார்கள். சிமெண்டுத் தூண்களில் தங்கள் சரித்திரத்தை வரைந்தார்கள். தூண் தூணாக நின்ற அந்த ஓவியங்கள் பின்னர் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. உலகத்துத் தெருச் சுவர்களில் இன்று ஓவியம் தீட்டும் பலர், தெரிந்தோ தெரியாமலோ ரிவேராவின் பாதையில் நடக்கிறார்கள்.

1985 செப்டம்பர் 19-ந் தேதி மெக்சிகோ நகரைப் பூகம்பம் குலுக்கியது. பிராடோ ஓட்டல் பாழடைந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கனவு தப்பியது. அந்த ஒரு சுவருக்காக மக்கள் பாடுபட்டார்கள். அதை இரும்புச் சட்டம் கட்டிப் பெயர்த்தார்கள். தெருவைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். அதற்கென்றே ஒரு மாளிகை கட்டி 1988-ல் திறந்தார்கள்.

நியூயார்க்கில் ஒரு முகத்துக்காக ஒரு சுவரை உடைத்தார்கள். மெக்சிகோவில் ஒரு ஓவியத்துக்காக ஒரு சுவரையே சுமந்தார்கள். பையில் தவளையோடு நிற்கும் அந்தப் பத்து வயதுப் பையனைப் பார்க்க, இப்போதும் அங்கே தாய்மார்கள் குழந்தைகளை அழைத்து வருகிறார்கள்.